செடியிலும் சுவடியிலும் வாழும் சொற்கள்: இருபொருள் சொற்களால் தமிழ்க் குறுக்கெழுத்து அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே சோழவந்தான் பக்கம் போனால் திருவேடகம் வரும். சம்பந்தர் ஆற்றில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரை சேர்ந்த இடம் என்பது தலபுராணம். ஊரின் பெயரிலேயே ஏடு இருக்கிறது. அதே சாலையில் சற்று நடந்தால் வெற்றிலைக் கொடிக்கால்களும் வரப்போரத்துப் பனைகளும் கண்ணில் படும். ஏடு என்ற சொல்லுக்குப் பூவின் இதழ் என்றும் பொருள், பனையோலை என்றும் பொருள், புத்தகத்தின் தாள் என்றும் பொருள். செடியின் உறுப்பையும் நூல் செய்யும் தொழிலையும் ஒருங்கே குறிக்கும் இத்தகைய சொற்களை மட்டும் திரட்டி ஒரு குறுக்கெழுத்துப் புதிர் அமைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஊரில்தான். நான்கைந்து புதிர்களை இப்படி அமைத்து, நண்பர்களின் வாசகர் வட்டத்தில் கொடுத்துப் பார்த்துக் கற்றவற்றை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: எந்தச் சொல் தகுதியானது என்று வரையறுத்தல்

சொல் சேர்க்கத் தொடங்குமுன் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். செடி, கொடி, மரம், புல் ஆகியவற்றின் உறுப்பையோ விளைபொருளையோ அச்சொல் குறிக்க வேண்டும். அதே சொல், எழுத்து மாறாமல், எழுதுபொருளையோ நூலின் உறுப்பையோ நூல் வகையையோ குறிக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தளர்ந்தாலும் சொல்லை ஒதுக்கிவிடுவதே நல்லது.

‘அட்டை’ புத்தகத்துக்கு உண்டு. ஆனால் மற்ற அட்டை இரத்தம் உறிஞ்சும் உயிரினம், செடியன்று. ‘கிளை’ மரத்துக்கு உண்டு, கிளை நூலகமும் உண்டு. ஆயினும் நூலகத்தின் கிளை நூல் செய்யும் தொழிலைச் சேர்ந்ததாகாது. ‘நூல்’ என்ற சொல்லே பெரும் ஆசையைத் தூண்டும். இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். இருந்தாலும் இழை என்பது பருத்தியைக் கொண்டு மனிதக் கை செய்தது, பருத்திச் செடியின் உறுப்பன்று. அதை விட்டுவிட்டுப் ‘பனுவல்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் குறை தீரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஐயம் வந்தால் இரண்டு அகராதிகளைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ஒரு சொல்லுக்குப் பழைய வழக்கில் என்னென்ன பொருள் இருந்தது என்பதைக் காட்டும். 1992இல் முதலில் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, அந்தப் பொருள் இன்று உயிரோடு இருக்கிறதா என்பதைக் காட்டும். ஒரு புதிரில் பேரகராதியில் மட்டுமே கிடைக்கும் சொற்கள் இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது என் வழக்கம். விடை தெரிந்த பிறகும் ‘இப்படியும் ஒரு சொல்லா’ என்று நிற்கும் வாசகர் அடுத்த புதிரைத் தொடமாட்டார்.

இரண்டாம் படி: பனையிலிருந்து தொடங்குதல்

சொற்பட்டியலைப் பனையில் தொடங்குங்கள். தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் இவ்வகையில் புல்லாகின்றன; பனையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பிரிவில் வைக்கும் இன்றைய தாவரவியலோடு இது பொருந்திப் போவது வியப்பைத் தருகிறது. புல்லின் உறுப்புகளாக அந்நூல் அடுக்கும் பெயர்களைப் பாருங்கள்: தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை. எட்டுச் சொற்களில் மடல், ஓலை, ஏடு, இதழ் ஆகிய நான்கும் இன்று கடிதமாகவும் சுவடியாகவும் பத்திரிகையாகவும் வழங்குகின்றன. நம் முன்னோர் எழுதிய பொருள் பனையோலையாக இருந்ததனால், பனையின் உறுப்புப் பெயர்களே எழுத்தின் பெயர்களாயின. ஆகவே இவற்றைச் சிலேடைகளாக எண்ணிக் கையாளாதீர்கள். ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குப் போகும் வழியில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் குறிப்பு தானாக அமையும்.

ஓலையை மரத்திலிருந்து வெட்டி, மிக இளையதையும் மிக முற்றியதையும் கழித்து, நடுவே ஓடும் ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, வேகவைத்து, காயவைத்து, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்துப் பதப்படுத்துவார்கள். பிறகு இரண்டு துளையிட்டு, ஒன்றில் கயிற்றைக் கோத்து, மற்றொன்றில் மூங்கிற் குச்சியையோ உலோகக் கம்பியையோ செருகுவார்கள். அந்தக் கம்பிக்கு நாராசம் என்று பெயர். கயிற்றின் நுனியில் பனையோலையை ஈர்க்கோடு சேர்த்துக் கிளியின் அலகு போல நறுக்கிக் கட்டுவார்கள், அது கிளிமூக்கு. எழுத்தாணியால் கீறிய கோடுகள் வெறும் கண்ணுக்குத் தெரியா. கரியை இலைச்சாற்றோடு கலந்து தேய்த்துத் துடைத்தால், மேற்பரப்பு வெளுத்துக் கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து எழும்பும். ஊமத்தை இலை, கோவை இலை ஆகியவற்றின் சாறு இதற்குப் பயன்பட்டது.

இந்த இடத்தில் ‘கோவை’ என்ற சொல்லின் அருமையைச் சொல்லியாக வேண்டும். வேலியில் படர்ந்து சிவந்த பழம் தரும் கொடி கோவை. அகப்பொருட் பாடல்களை வரிசையாகக் கோத்து அமைக்கும் சிற்றிலக்கியமும் கோவை. அந்தக் கொடியின் இலைச்சாறே சுவடியின் எழுத்துக்குக் கருமையும் ஏற்றியது. இரண்டே கட்டத்தில் அடங்கும் இந்தச் சொல்லைப் போல வேறொன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கோயம்புத்தூரையும் மக்கள் கோவை என்பதால் குறிப்பு எழுதும்போது வாசகரைச் சற்று அலைக்கழிக்கவும் முடியும்.

‘தோடு’ என்ற சொல்லை மட்டும் சேர்க்க நான் தயங்குகிறேன். மதுரையில் யாரிடம் கேட்டாலும் தோடு காதில்தான் இருக்கிறது. ஓலைச் சுருளைக் காதில் அணிந்ததிலிருந்து வந்த பொருள் அது, எழுத்தோடு அதற்கு இன்று உறவு இல்லை.

மூன்றாம் படி: வயலும் தோட்டமும் வடமொழியும்

பனைக்கு அடுத்து வயலுக்கு வாருங்கள். நெற்பயிரின் தண்டுக்குத் தாள் என்று பெயர். காகிதத்துக்கும் தாள் என்று பெயர். கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள் என்பதை எண்ணும்போது, தண்டின் பெயரைக் காகிதத்துக்கு வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலுக்குப் போனால் பருத்தி. புறநானூற்றில் ‘பருத்திப் பெண்டின் பனுவல்’ என்று வரும் இடத்தில் பனுவல் என்பது பஞ்சு. பின்னர் அதுவே நூலைக் குறிக்கும் சொல்லாயிற்று. நன்னூல் இந்த ஒப்புமையை முழுதாகவே விரித்துச் சொல்கிறது: சொல் பஞ்சாக, புலவன் நூற்கும் பெண்ணாக, வாய் கையாக, அறிவு கதிராக நின்று நூல் உருவாகிறது என்பது அதன் கருத்து.

பூவுக்கு மதுரையில் பஞ்சமில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடிவதற்குமுன் மல்லிகை வந்து குவிகிறது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலர், இதழ், மஞ்சரி, கண்ணி, மாலை, தொடை என்று பூக்கடையில் நின்றபடியே ஒரு புதிருக்கான சொற்களைத் திரட்டிவிடலாம். கண்ணி என்பது பூவை இரண்டிரண்டாக வைத்துத் தொடுப்பது. பாட்டில் இரண்டடி கொண்டதும் கண்ணி. பூச்சந்தைக்கு வெளியே வாழைநாரில் பூக் கட்டும் ஒருவரின் கையைச் சற்று நேரம் பாருங்கள். இரண்டு மொட்டுகளை ஒரு பக்கமும் இரண்டை மறுபக்கமுமாக வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து இறுக்குவார். எதிரெதிராக நிற்கும் அந்த மொட்டுகளைக் கண்ட பிறகு கண்ணி என்ற யாப்புச் சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வடமொழி வழியாக வந்தவற்றில் மூன்று பயன்படும். பத்திரம் என்பது இலை. வில்வ பத்திரம் என்கிறோம், வீட்டுப் பத்திரம் என்கிறோம், பத்திரிகையும் அதிலிருந்து வந்ததே. காண்டம் என்பது கணுவுக்குக் கணு உள்ள தண்டுப் பகுதி. நூலின் பெரும்பிரிவும் காண்டம். சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களில் நடுவிலுள்ளது மதுரைக் காண்டம் என்பதால் நம் ஊர்க்காரர் எவரும் இதைத் தவறவிடமாட்டார். பருவம் என்பதும் மூலத்தில் கரும்பு, மூங்கில் போன்றவற்றின் கணுதான். பாரதத்தின் பிரிவுகளுக்குப் பெயராயிற்று. ஆனால் தமிழில் பருவம் என்றவுடன் வயதும் மழைக்காலமும் நினைவுக்கு வருவதால் அதைக் கடினமான புதிருக்கு ஒதுக்கி வைக்கலாம். இலத்தீனிலும் மரத்தின் உட்பட்டையைக் குறித்த ‘லிபெர்’ என்ற சொல்தான் புத்தகத்தையும் குறித்தது. பனை இல்லாத நாட்டில் பட்டை அந்த வேலையைச் செய்திருக்கிறது.

நான்காம் படி: கட்டத்துக்கு எழுத்தை எண்ணுதல்

1913 டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரிலிருந்து தொடங்கிய இந்த விளையாட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற விதியில் நிற்கிறது. தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ‘கோ’ அச்சில் மூன்று வடிவமாகத் தெரிந்தாலும் ஒரே எழுத்து, ஒரே கட்டம். ‘ஈர்க்கு’ நான்கு கட்டம்: ஈ, ர், க், கு. ‘பத்திரம்’ ஐந்து. ஏடு, ஓலை, தாள், இலை, கோவை இரண்டிரண்டு. இதழ், மடல், மலர், கண்ணி மும்மூன்று. பனுவல், மஞ்சரி, காண்டம், நாராசம் நந்நான்கு.

புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஏட்டுச்சுவடி நினைவுக்கு வரும். பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பார்கள். படிப்பவர்தான் இடமறிந்து புள்ளியை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நாமோ அதே சொற்களைப் புள்ளிக்கு ஒரு கட்டம் கொடுத்து எழுதுகிறோம்.

இந்த விதியிலிருந்து ஒரு முக்கியமான கட்டுப்பாடு பிறக்கிறது. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகவே ஒரு சொல்லின் புள்ளியெழுத்துக் கட்டத்தில் இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. அந்தக் கட்டம் குறுக்கே வரும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான் அமைய வேண்டும். மேலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசை எழுத்துகளும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வருவதில்லை. நம் சொற்களில் பெரும்பாலானவை ம், ல், ர், ள், ழ் என்று முடிவதால், வலமிருந்தும் கீழிருந்தும் பின்னோக்கிக் கட்டம் போடப் பழகுவது வேலையை எளிதாக்கும்.

ஐந்தாம் படி: கட்டம் பின்னுதல்

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் கொண்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான சொல்லை முதலில் வையுங்கள். நான்காம் வரிசையில் நான்காம் கட்டம் முதல் எட்டாம் கட்டம் வரை இடமிருந்து வலமாகப் ‘பத்திரம்’ எழுதுங்கள். அதன் ‘ப’விலிருந்து மேலிருந்து கீழாகப் ‘பனுவல்’ எழுதினால் அது ஏழாம் வரிசையில் ‘ல்’ என்று முடியும். அந்த ‘ல்’ புள்ளியெழுத்து; அங்கே ஒரு சொல்லைத் தொடங்க முடியாது, முடிக்கலாம். ஏழாம் வரிசையில் இரண்டாம் கட்டத்திலிருந்து ‘மடல்’ எழுதுங்கள். இரண்டு சொற்களும் ஒரே ‘ல்’லில் முடியும். ‘மடல்’ தொடங்கிய ‘ம’விலிருந்து கீழே ‘மலர்’ இறங்கி ஒன்பதாம் வரிசையில் ‘ர்’ என்று நிற்கும். அந்த ‘ர்’, ஒன்பதாம் வரிசையின் முதற்கட்டத்திலிருந்து எழுதும் ‘ஈர்க்கு’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தாகிவிடும்.

இனி மேற்பகுதி. பத்திரத்தின் ‘ம்’ எட்டாம் கட்டத்தில் இருக்கிறது. அதற்கு நேர்மேலே முதல் வரிசையிலிருந்து ‘காண்டம்’ இறங்கினால் அதே ‘ம்’மில் முடியும். காண்டத்தின் ‘ண்’ இரண்டாம் வரிசையில் விழுவதால், அந்த வரிசையின் ஏழாம் கட்டத்திலிருந்து ‘கண்ணி’ எழுதுங்கள். பத்திரத்தின் ‘தி’யிலிருந்து கீழே ‘திரட்டு’ இறங்கும். அது தொகைநூல் மட்டுமே, செடியைக் குறிக்காது. இப்படி ஓரிரு ஒற்றைப் பொருட் சொற்கள் இருந்தால் குறையில்லை. அவற்றுக்கு எளிய குறிப்புக் கொடுங்கள், அந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு வாசகர் கடினமான சொற்களுக்குப் போவார். இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் உரசி, பொருளற்ற மூன்றாவது சொல் உருவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சிய கட்டங்களைக் கறுப்பாக்குங்கள்.

ஆறாம் படி: குறிப்பு எழுதுதல்

நான் பெரிதும் தவறியதும் இந்தப் படியில்தான். முதல் புதிரில் ‘பனை தருவது, எழுத உதவியது’ என்று இரண்டு கட்டத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். என் மனத்தில் இருந்த விடை ஓலை. வட்டத்தில் பாதிப்பேர் ஏடு என்று எழுதியிருந்தார்கள், அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டும் வேறு சொல்லையும் நான் வைக்கவில்லை. இரண்டும் சரி என்று ஒப்புக்கொண்டு முடிக்கப் போனேன். நாற்பது ஆண்டுகள் புத்தகம் பைண்டிங் செய்த பெரியவர் ஒருவர் விடவில்லை. “மரத்துல இருந்தா ஓலை. வாரி, நறுக்கி, துளை போட்டாத்தான் தம்பி ஏடு. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?” என்று கேட்டார். திருமண ஓலை, இறப்போலை என்று எழுதப்பட்ட பிறகும் ஓலை என்ற பெயர் நிற்பதுண்டு என்று நான் சொன்னேன். அதையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஒற்றையாக அனுப்புவது ஓலை, கட்டில் சேர்ந்தால் ஏடு என்று எனக்குத் தெளிவாக்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு குறிப்பையும் எழுதுமுன் அந்தப் பொருளை மாற்றிய வேலை என்ன என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது ஓலைக்கு என் குறிப்பு: ‘காற்றில் சலசலக்கும், அந்நாளில் ஒற்றையாய்த் தூது போகும் (2)’. ஏட்டுக்கு: ‘பாலில் படிவது, கயிற்றில் கோத்தால் சுவடியாவது, வைகையை எதிர்த்ததும் உண்டு (2)’.

இதே சிக்கல் இதழ், மலர் இரண்டுக்கும் உண்டு. இரண்டும் மூன்று கட்டம், இரண்டும் பூவைச் சேர்ந்தவை, இரண்டும் பத்திரிகையைச் சேர்ந்தவை. ‘பூக்கடையிலும் பத்திரிகைக் கடையிலும் கிடைப்பது’ என்று எழுதினால் புதிர் கெட்டது. வழக்கு இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது: மாதம் தவறாமல் வருவது இதழ், தீபாவளிக்கோ ஆண்டு நிறைவுக்கோ சிறப்பாக வருவது மலர். ஆகவே இதழுக்கு ‘ஒரு பூவில் பல, ஓர் ஆண்டில் பன்னிரண்டு (3)’ என்றும், மலருக்கு ‘தினமும் விரிவது, பத்திரிகையில் தீபாவளிக்கு விரிவது (3)’ என்றும் எழுதலாம்.

மற்றவற்றுக்குச் சில மாதிரிகள் தருகிறேன். தாள்: ‘வயலில் கதிரைத் தாங்கும், அச்சகத்தில் எழுத்தைத் தாங்கும் (2)’. காண்டம்: ‘கரும்பில் கணுவுக்குக் கணு, சிலம்பில் மதுரைக்கு நடு (4)’. பத்திரம்: ‘வில்வத்தைப் பறித்தாலும் வீட்டை விற்றாலும் கைக்கு வருவது (5)’. கண்ணி: ‘நாரில் எதிரெதிர், பாட்டில் இரண்டடி (3)’. கோவை: ‘வேலியில் படரும்; சாறு ஓலையைக் கறுப்பாக்கும்; சிற்றிலக்கியமும் ஆகும் (2)’. ஈர்க்குக்கு எழுதுவது கடினம், ஏனெனில் சுவடித் தொழிலில் அது பெரும்பாலும் நீக்கப்படும் பொருள். ‘ஏட்டுக்காகக் கழிக்கப்படும், கிளிமூக்கில் மட்டும் இடம்பெறும், வீட்டில் துடைப்பமாகும் (4)’ என்று எழுதிப் பாருங்கள், துடைப்பம் என்ற சொல் பிடி கொடுக்கும்.

விடைச்சொல்லின் எந்த வடிவமும் குறிப்பில் வரக் கூடாது. பதிகம், பதிப்பு, பதியம் போன்று ஒலியால் நெருங்கிய சொற்களைக் குறிப்பில் சேர்க்கும்போது கவனம் வேண்டும். தோட்டத்தில் பதியம் போடுவதும் அச்சகத்தில் பதிப்பதும் பதித்தல் என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை என்பது அழகான செய்தி, ஆனால் எழுத்து வேறுபடுவதால் கட்டத்துக்கு உதவாது.

ஏழாம் படி: பிறரிடம் கொடுத்துப் பார்த்தல்

புதிரை வெளியிடுமுன் மூவரிடம் தாருங்கள். ஒருவர் தோட்டமோ வயலோ பூவோ அறிந்தவராக இருக்கட்டும். ஒருவர் அச்சுவேலையோ பைண்டிங்கோ செய்தவராக இருக்கட்டும். மூன்றாமவர் இரண்டும் அறியாத, ஆனால் நாள்தோறும் தமிழ் படிக்கும் ஒருவர். முதல் இருவரும் எந்தச் சொல்லில் தகராறு செய்கிறார்களோ அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். மூன்றாமவர் எந்தக் கட்டத்தில் பேனாவை நிறுத்துகிறாரோ அங்கே குறுக்கே இன்னொரு சொல் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பழைய வழக்கைச் சரிபார்க்க, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஊரிலேயே இருக்கின்றன. அகராதித் தொகுதிகளோடு அரைநாள் உட்கார நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

விடைகளை அச்சிடும்போது வெறும் சொல்லை மட்டும் தராமல், ஒவ்வொன்றுக்கும் செடிப்பொருள் ஒரு வரியும் நூற்பொருள் ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். என் அடுத்த புதிருக்கு ‘எழுத்தாணி’யை எடுத்து வைத்திருக்கிறேன். ஓலையில் கீறும் கருவியின் பெயரைச் சுமந்து எழுத்தாணிப்பூண்டு என்று ஒரு செடி இருக்கிறது. இங்கே பெயர் கருவியிலிருந்து செடிக்குத் திரும்பிப் போயிருப்பதால், குறிப்பையும் அந்தத் திசையிலேயே எழுத வேண்டும்.